‘குடிப்பீங்களா’ என்று வீடு வீடாகக் கேட்கப் போனது

1

என் மகள் பிருந்தாவுக்குப் போன வாரம் பரீட்சை. எழுதுகிற பரீட்சை இல்லை. அவள் எழுதி முடித்த ஆராய்ச்சியை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், இவள் பதில் சொல்ல வேண்டும். வீட்டு ஆட்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு ஓட்டலில் லீவு தரவில்லை. நான் மட்டும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பரீட்சை அவளுக்கு, இரண்டு நாளாக எழுந்து எழுந்து மணி பார்த்தது நான்.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. குடியைப் பற்றி. அரசாங்கம் கடையை மூடினால், நேரத்தைக் குறைத்தால், விலையை ஏற்றினால், வளர்ந்த ஆட்களுடைய குடிப்பழக்கம் மாறுகிறதா இல்லையா என்று பார்ப்பது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அவள் தேர்ந்தெடுத்தது நான் பிறந்த ஊரை. நீலகிரியில் மஞ்சூர் பக்கம், தேயிலைக்கு நடுவில் கொஞ்சம் வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பஸ் ஸ்டாப். அவ்வளவுதான் ஊர்.

பேராசிரியர்களில் ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் கணக்குப்படி இந்த ஊரில் பெரும்பாலான ஆண்கள் குடிப்பதே இல்லை. அப்படியானால் அந்த ஊர்ப் பெண்கள் எதற்காக ரோட்டில் உட்கார்ந்து கடையை மூட வைத்தார்கள்?”

பிருந்தா ஏதோ சொன்னாள். ஜனங்கள் நல்ல பேர் எடுப்பதற்காக மாற்றிச் சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு பெயர் உண்டு, அதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு என்று. அவரும் தலையாட்டினார். எனக்கு எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. அது இல்லை ஐயா, நடந்தது வேறே என்று. ஆனால் எழுந்தால் நார்வே மொழியில் சொல்ல வேண்டுமே. நான் எட்டாவதோடு நின்றவள். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை பார்த்து, கல்யாணமாகி, சமையல் வேலைக்குக் கிளம்பிய மனுஷன் பின்னாலேயே இந்தப் பெர்கன் ஊருக்கு வந்தவள். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற இடத்தில் வேலை. என்னுடைய நார்வே மொழி அந்த மிஷினைச் சுற்றியே நிற்கும். குடியைப் பற்றிப் பேராசிரியரிடம் பேசுகிற அளவுக்கு அது போகாது.

அதனால் அங்கே சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இதற்கெல்லாம் காரணம் என் வாய்தான்.

இந்த நாட்டில் குடிக்கு இருக்கிற கெடுபிடியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பீரைத் தவிர மற்ற எல்லாம் அரசாங்கக் கடையில்தான். அதில் என்ன, நம் ஊரிலும் அரசாங்கக் கடைதானே என்பீர்கள். இங்கே அந்தக் கடை சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பூட்டு, ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பீர் கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு அடித்தால் பீர் இருக்கிற அலமாரிக்குத் திரையை இழுத்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நானும் பிருந்தாவும் பால் வாங்கப் போனோம். எங்களுக்கு முன்னால் நல்ல தடிமனான ஒரு ஆள், கையில் பீர். பில் போடுகிற பெண் கடிகாரத்தைக் காட்டினாள். ஆறு தாண்டிவிட்டது. அந்த ஆள் “அப்படியா, மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டு, பீரைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறும் உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு வாய் மூடவில்லை. நம் பக்கத்தில் ஷட்டரை இறக்கின பிறகும் கடைக்குப் பின்னால் போய்த் தட்டுகிற ஆட்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

“உங்க ஊருல எப்படிம்மா?” என்று பிருந்தா கேட்டாள்.

கேட்டதற்கு ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். நான் என் தம்பி பொண்டாட்டி மல்லிகா கதையை எடுத்துவிட்டேன். ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை முன்னால் உட்கார்ந்தது, அதிகாரிகள் வந்து பேசியது, கடையைத் தூக்கியது, இப்போது ஆண்கள் பஸ் ஏறி மஞ்சூர் வரைக்கும் போய் வருவது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்று நம் மாவட்டத்தில் கொண்டுவந்தார்களே, அதையும் சொன்னேன். காட்டு மிருகங்கள் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று போட்ட திட்டம். நல்ல திட்டம். மல்லிகா அதைப் பற்றி ஃபோனில் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்:

“முன்னெல்லாம் இவரு பாட்டிலைத் தேயிலைக்குள்ள வீசிட்டு வந்துருவாரு அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப உரச் சாக்குல சேர்த்து வெச்சிருக்காரு, மஞ்சூருக்குப் போறப்ப கொண்டுபோய்க் குடுக்கணும்னு. அரசாங்கமே ஊட்டுக்குக் கொண்டுவந்து காட்டிக் குடுக்குது.”

பிருந்தா சிரிக்கவில்லை. கண் பெரிசாகிவிட்டது.

அப்புறம் கேள்வித்தாள் தயாராயிற்று. ‘ஒரு டிரிங்க்’ என்றால் எவ்வளவு என்று காட்ட அட்டையில் கோப்பைப் படங்கள். நீளக் கோப்பை, காம்பு வைத்த கோப்பை. இதை எங்கள் ஆட்களிடம் காட்டினால் கல்யாணப் பரிசு வாங்கி வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள், அங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவாட்டர் வாங்கிப் பாதிப் பாதி அடிப்பார்கள், அதற்குக் கட்டிங் என்று பெயர் என்றேன். அவளுடைய பேராசிரியர் சந்தோஷப்பட்டு ‘கட்டிங்’ என்று தனியாக ஒரு கேள்வியே சேர்த்துவிட்டார். அந்தத் திமிரில் இன்னொரு புத்தியும் சொன்னேன். பெண்களிடம் கேட்காதே, செருப்படி விழும் என்று. அது தப்பாய்ப் போயிற்று. ஊரில் போய் இறங்கின மறுநாளே, கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா எங்களை வழிமறித்து, “குளுருக்கு ஆம்பளைக்கு மட்டுந்தானா ஒடம்பு?” என்று கேட்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

பிருந்தா பிறந்தது இங்கே. தமிழ் பேசுவாள். ஆனால் ‘நீங்க’ என்பது அவளுக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். நார்வேயில் பிரதமராக இருந்தாலும் ‘நீ’தான், அதே பழக்கம். அதனால் மொழிபெயர்க்க நானும் கூடவே போனேன். போவதற்கு முன்னால் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். உள்ளே உட்கார்ந்து யார் என்ன சொன்னாலும் வெளியே சொல்லக் கூடாதாம். பெற்ற தாயிடம் கையெழுத்து. போட்டுக் கொடுத்தேன். ஆகையால் உள்ளே யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது இதில் இருக்காது. வாசலில் பேசினதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

எந்தெந்த வீடு என்பதை அவள் ஃபோனில் குலுக்கிப் போட்டு எடுத்தாள். முதல் வீடு சரசுவுடையது. சரசு என்னோடு ஃபேக்டரியில் தூள் சலித்தவள். அவள் மகனுக்குத்தான் கேள்வி. பிருந்தா வாசலிலேயே, பாடம் பண்ணினதை ஒப்பித்தாள்: “நாங்க வயசு, படிப்பு, சம்பளம், சொந்த வீடா, குடிப்பழக்கம் உண்டா, இதெல்லாம் கேப்போம். நீங்க சொல்றதை யாருக்கும் சொல்ல மாட்டோம். விருப்பம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம், நாங்க தப்பா நினைக்க மாட்டோம்.”

சரசு என் முகத்தைப் பார்த்தாள். பிருந்தாவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, “என்ற பையன் டீ கூட ரெண்டாந்தடவ குடிக்க மாட்டான் சரோஜா. உனக்குத் தெரியாததா,” என்றாள். உள்ளே திரும்பி, “டேய், சட்டையை மாத்திட்டு வா,” என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுத்த வீட்டில், நாங்கள் போவதற்கு முன்னாலேயே பையன் குளித்து, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். தட்டில் மிக்சரும் வாழைப்பழமும். அவன் அம்மா பிருந்தாவின் கையைப் பிடித்து, “கண்ணு கொஞ்சம் எளைச்சுத்தான் இருக்குது. இந்தத் தண்ணிக்கு ஒரே மாசத்துல தேறிரும்,” என்றார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது.

நம் பக்கத்தில் இரண்டு பெண்கள் வீடு வீடாகப் போய், பையனுக்கு வயசென்ன, சம்பளமென்ன, குடிப்பானா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் ‘யாருக்கும் சொல்ல மாட்டோம், பிடிக்கலைன்னா தப்பா நினைக்க மாட்டோம்’ என்றால் சந்தேகமே வேண்டியதில்லை. மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள் வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் சொல்வார்கள்.

வெளியே வந்ததும் பிருந்தாவைப் பிடித்துக்கொண்டேன். “உனக்கு மாப்பிள்ளை தேடறோம்னு நினைச்சுட்டாங்க.”

“எதுக்கும்மா? தாள்ல முதல் வரியிலயே ஆராய்ச்சின்னு எழுதியிருக்கே.”

“தாளை எவன் படிச்சான்?”

“அப்ப நீ விளக்கிச் சொல்லு.”

விளக்கினேன். சரசுவிடமே திரும்பப் போய், இது படிப்புக்காக, கல்யாணத்துக்கு இல்லை என்று சத்தியம் பண்ணினேன். சரசு கையை அமர்த்தினாள். “புரியுதுடி. இப்பவே வெளிய சொன்னா கண்ணு பட்டுரும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.” பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் நாங்கள் போன வீட்டிலெல்லாம் கல்யாணம் ஆனவர்கள்கூட நல்ல பையன்களாகிவிட்டார்கள். ஒருத்தருக்கு மச்சான் பையன் இருப்பான், ஒருத்தருக்குக் கொழுந்தன் இருப்பான், எதற்கு வீட்டுப் பேரைக் கெடுப்பானேன் என்று. பிருந்தா பதில்களைத் தட்டிக்கொள்ளக் கையில் வைத்திருந்த கருவியில் ஒரு விஷயம் இருந்தது. ‘குடிப்பீங்களா’ என்ற கேள்விக்கு இல்லை என்றால் அது நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். ஆமாம் என்றால்தான் எப்போது, எங்கே, யாரோடு, கடை மூடின பிறகு எப்படி என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். எங்கள் ஊரில் எல்லாரும் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். இதையும் ஊர் கவனித்துவிட்டது. உள்ளே போனவன் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறானோ அவ்வளவு ஒழுக்கம் என்று.

பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதை எந்த மொழியில் சொல்வது.

4

மறுவாரம் குலுக்கலில் என் தம்பி செல்வராஜ் வீடு விழுந்தது.

அவன் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறான். குடிப்பான். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மல்லிகா உரச் சாக்கை வைத்துக் கணக்குப் போடுகிறாள், அவன் அதில் பாதி கூட்டாளியுடையது என்கிறான். நான் இங்கே பெர்கனில் துணி மடிக்கும்போது யோசிப்பது முக்கால்வாசி அவனைத்தான். மஞ்சூரிலிருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த வளைவு ரோட்டில் நடந்து வர வேண்டும். காட்டெருமை நிற்கும். பக்கத்திலேயே கடை இருந்தபோது கெட்டாலும் வீட்டு வாசலில் கெட்டான். இப்போது நடுரோட்டில். இதற்கு மல்லிகாவைக் குறை சொன்னால் நான் பாவி. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஆனால் அப்போது பயம் வேறே. அவன் மகள் கோகிலாவுக்கு இடம் அமைந்திருந்தது. கோகிலா குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் சதீஷ், குன்னூருக்குப் பக்கத்திலேயே வெலிங்டனில் ஆபீஸ் வேலை. அப்பா ரங்கசாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கேத்தியில் கேரட் போடுகிறார். நல்ல இடம். பையன் வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை, பெண்ணின் அப்பா குடிகாரராக இருக்கக் கூடாது. மல்லிகா ‘அதெல்லாம் இல்லீங்க’ என்று சொல்லி வைத்திருந்தாள். கடையை மூட வைத்தவள் வாயாலேயே.

“இந்த ஊட்டை விட்டுடு பிருந்தா,” என்றேன். “வேற ஊட்டைக் குலுக்கு.”

“வந்ததை மாத்தக் கூடாதும்மா.”

பெர்கனில் இருக்கிற பேராசிரியருக்கு ஃபோன் போட்டாள். கேட்கலாம், ஆனால் குடும்பத்து ஆள் யாரும் காது கேட்கிற தூரத்தில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் சொந்தத் தம்பி வீட்டிலிருந்து என்னையும் மல்லிகாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள் என் மகள். நாங்கள் இரண்டு பேரும் முட்டைக்கோசுப் பாத்தி ஓரமாக நின்றோம்.

டீ ஆறுகிற நேரம் போயிற்று. கதவு திறக்கவில்லை. குழாயடிக்கு வந்த சரசு குடத்தை வைத்துவிட்டு நின்றாள். “இன்னுமா?” என்றாள். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகும் போகவில்லை. இன்னும் இரண்டு பேர் குடத்தோடு வந்தார்கள். மல்லிகா கோசு இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி சங்கு ஊதின பிறகுதான் செல்வராஜ் வெளியே வந்தான். நேராகக் குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினான். பெண்கள் வழிவிட்டார்கள்.

“என்னடா சொன்னே?” என்றேன்.

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சு வர்றதுக்கென்ன? ஊரே அதைத்தானே சொல்லுச்சு?”

“அந்தப் புள்ள அத்தனை தூரத்துலருந்து வந்து, நிசத்தைச் சொல்லு மாமான்னு கேக்குது.” துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டே பேசினான். “எப்ப ஆரம்பிச்ச, ஏன், விட்டுப் பார்த்தியா, விட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு கேக்குது. இதையெல்லாம் எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்லக்கா. நீங்கெல்லாம் திட்டத்தான் திட்டுவீங்க.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் நடந்துவிட்டான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

5

செய்தி கேத்திக்குப் போக எவ்வளவு நேரமாகும்? பஸ் போகிற நேரம்தான். ‘வெளிநாட்டு ஆளுங்க கணக்கெடுத்தாங்களாம், ஊருலயே பொண்ணோட அப்பாகிட்டத்தான் சங்கு ஊதற வரைக்கும் எழுதினாங்களாம்.’ ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறோம் என்று ரங்கசாமி வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. கோகிலா லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் வீட்டைப் பெருக்கினாள், டம்ளரைக் கழுவினாள். தேதி வரைக்கும் பேசின கல்யாணம். நின்றுபோனால் அடுத்த இடத்தில் என்ன சொல்வது? அப்பா குடித்தார், அதனால் நின்றது என்றா?

அவர்கள் வருவதற்கு முன்னால் பிருந்தாவைத் தனியாகக் கூப்பிட்டேன். “மாமா குடிக்க மாட்டாருன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. உன் வாயால சொன்னா நம்புவாங்க.”

“மாட்டாருன்னும் சொல்ல மாட்டேன். குடிப்பாருன்னும் சொல்ல மாட்டேன். மாமா என்னை நம்பித்தான் பேசினாரு.”

“கோகிலா கல்யாணம்டி.”

“தெரியும்மா,” என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் மாற்றவில்லை. இப்படி ஒரு பிடிவாதத்தை எந்தக் கடையில் வாங்கினாளோ.

வந்தார்கள். ரங்கசாமி, அவர் சம்சாரம், சதீஷ் மூன்று பேரும். தண்ணீர் குடித்தார்கள், பலகாரத்தைத் தொடவில்லை. முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கேரட் விலையைப் பற்றிப் பேச்சு. பிறகு அந்த அம்மா நேராகப் பிருந்தாவிடம் திரும்பினார்.

“ஏன் கண்ணு, பொண்ணோட அப்பா உங்கிட்ட என்ன சொன்னாருன்னு நாங்க தெரிஞ்சுக்கலாமா?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைங்க,” என்றாள் பிருந்தா. ஆயுசில் முதல்முறையாக ‘ங்க’ சரியான இடத்தில் வந்து விழுந்தது. “யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்கம்மாவுக்கே சொல்லலை.”

நம் ஊரில் சொல்ல மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். செல்வராஜ் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரங்கசாமி தொண்டையைச் செருமினார்.

“போலீசு வந்து கேட்டா?”

“சொல்ல மாட்டேன்.”

“டாக்டரு?”

“மாட்டேன்.”

“சம்சாரம் கேட்டா?”

“அவங்களுக்கும்தான்.”

அவர் மீசையைத் தடவினார். நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டார். “அப்ப என்னையும் ஒருக்காக் கேளு சாமி.”

“உங்களை எதுக்கு?” என்றார் அந்த அம்மா. “நீங்கதான் தொடறதே இல்லையே. மிலிட்டரி கோட்டா பாட்டிலெல்லாம் சினேகிதனுகளுக்குன்னுதானே வாங்கறீங்க.”

“படிக்கிற புள்ள. உதவியா இருக்கட்டுமே.”

பிருந்தா இருக்கிறாளே, அப்போதும் சட்டம் பேசினாள். “நீங்க கேத்திங்க. இந்த ஊர்க் கணக்குல வர மாட்டீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நார்வே மொழியிலேயே கேட்டுவிட்டேன். தயவு பண்ணுடி, உன் காலில் விழுகிறேன் என்று. இத்தனை வருஷத்தில் அந்த மொழியை நானாக எடுத்துப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிருந்தா என்னைப் பார்த்தாள். “சரி, கேக்கறேன்,” என்றாள் அவரிடம். “ஆனா கணக்குல சேர்க்க மாட்டேன். கேட்டதும் அழிச்சிடுவேன்.”

“அழிச்சா இன்னும் நல்லது,” என்று சொல்லிக்கொண்டே அவர் அவளுக்கு முன்னால் உள்ளறைக்குப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கோகிலா டீ கொண்டுவந்து வைத்தாள். ‘இல்லைன்னு சொன்னா உடனே முடிஞ்சிரும்’ என்கிற கதை கேத்தி வரைக்கும் போயிருந்தது என்பது அந்த அம்மா கதவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. டீ ஆறியது. ஏடு கட்டியது. உள்ளே ரங்கசாமி குரல் மட்டும் வார்த்தை புரியாமல் கேட்டது, நடுநடுவே ஒரு சிரிப்பு. செல்வராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தான் போல.

“பட்டாளத்துக் கதை ஆரம்பிச்சிருப்பாரு,” என்றார் அந்த அம்மா. “ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு.”

“ஆமாங்க,” என்றேன். “இவளும் கதை கேக்கற ஆளுதான்.”

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். கதவை இன்னொரு முறை பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, மல்லிகா பக்கம் திரும்பி, “அரிசி போடுங்க. சாப்பிட்டுட்டே போறோம்,” என்றார்.

மல்லிகா அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

6

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு குடிகாரனை இன்னொரு குடிகாரன் காப்பாற்றிவிட்டான், கல்யாணம் நின்றது, அதாவது நிலைத்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“அரிசியை இப்பப் போட வேண்டாம்மா,” என்றாள் கோகிலா.

எல்லாரும் திரும்பினோம். அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. சதீஷைப் பார்த்து, “எங்கப்பாகிட்டக் கேட்டாச்சு. உங்கப்பாகிட்டக் கேட்டுட்டிருக்காங்க. உங்ககிட்ட யாருமே கேக்கலையே,” என்றாள். “ஆஸ்பத்திரில பெட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் முதல்ல இதைத்தான் கேட்டு எழுதுவேன். நீங்களும் ஒருக்கா உள்ள போயிட்டு வாங்க.”

“கோகிலா,” என்று அதட்டினாள் மல்லிகா.

சதீஷின் அம்மா ஏதோ சொல்ல வந்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். காது சிவந்திருந்தது. “உள்ள எதுக்குங்க? நான் உங்ககிட்டயே சொல்லிடறேன்,” என்றான்.

இரண்டு பேரும் வெளியே போனார்கள். தேயிலைக்குப் பக்கத்தில், உரம் இறக்குகிற இடத்தில் நின்று பேசினார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்காத மாதிரி பார்த்தோம் என்று எழுத ஆசைதான், பொய் எதற்கு. அவன் முதலில் ஏதோ வேகமாகச் சொன்னான். அவள் தலையை ஆட்டவில்லை. இன்னொன்று கேட்டாள். அவன் கையால் ஏதோ அளவு காட்டினான். இவ்வளவா, இத்தனை தடவையா, என்ன எழவோ. அவள் மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவன் வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். அதற்குள் ரங்கசாமி உள்ளறையிலிருந்து வெளியே வந்து, “என்ன நடக்குது?” என்றார். அவரும் வந்து ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டார். ஐந்து பெரிய மனுஷர்கள், ஒரு ஜன்னல். பிருந்தா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் பாட்டுக்குக் கருவியில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

கோகிலா திரும்பி வந்தாள். அவன் பின்னால் வந்தான். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நர்சுகளுக்கு அப்படித்தான் பழக்குவார்கள் போலிருக்கிறது. நேராக அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவை எடுத்து, தன் கையாலேயே அளந்து போட்டாள்.

கல்யாணம் முடிந்துவிட்டது. என்னால் போக முடியவில்லை, லீவு எல்லாம் ‘குடிப்பீங்களா’வுக்கே சரியாகிவிட்டது. பிருந்தா போனாள். செல்வராஜ் குறைத்திருக்கிறான் என்று மல்லிகா சொல்கிறாள், குறைக்கவில்லை என்று உரச் சாக்கு சொல்கிறதாம். அதைக்கூட விடுங்கள். என்னைக் குடைவது அந்தப் பையன். அளவு காட்டினானே, அது எவ்வளவு? நல்லதுக்குக் காட்டினானா, கெட்டதுக்கா? கெட்டதாக இருந்தால் இவள் ஏன் அரிசி போட்டாள்? நல்லதாக இருந்தால் அவ்வளவு நேரம் தலையைக் குனிந்து பேச என்ன இருக்கிறது?

பொறுக்க முடியாமல் நேற்று ஃபோன் போட்டுக் கேட்டேவிட்டேன். “கோகிலா, அன்னிக்கு அவன் என்னம்மா சொன்னான்? அத்தைகிட்டச் சொல்லேன்.”

“கேட்டதுக்குப் பதில் சொன்னாரு அத்தை.”

“என்ன பதில்?”

“அதை எங்கிட்டச் சொன்னாரு,” என்றாள். “நீங்க சாப்பிட்டீங்களா?”